பனிக்கும் புகைக்கும் நிற்கிற செடி

1

இந்த ஏப்ரலோடு நாங்கள் ஜெர்மனிக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள் எல்லாரும் "அங்கே எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்கிறீர்கள். நல்ல சுகம் என்று எழுதி எழுதி எனக்கே அலுத்துப்போய்விட்டது. இந்த முறை அதை எழுதப்போவதில்லை. என் சட்டிகளைப் பற்றி எழுதுகிறேன்.

எங்களுடையது மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. பால்கனி ஒன்று உண்டு. அதில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் காலை ஒருவர் மிதிக்க வேண்டும். அந்த இடத்தில் போன மாதம் வரைக்கும் பதினொரு சட்டி வைத்திருந்தேன். சட்டி என்றால் கடையில் வாங்கிய சட்டி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பெயிண்ட் வாளி, தயிர் வாளி, ஊறுகாய் டின். எல்லாவற்றுக்கும் அடியில் ஆணி வைத்து ஓட்டை போட்டது நான்தான். காலையில் பதினொன்றையும் வெளியே வைப்பேன். பின்னேரம் நாலு மணிக்குப் பதினொன்றையும் உள்ளே எடுப்பேன். இங்கே ஏப்ரல் மாதத்தை நம்பவே முடியாது. பகலில் சட்டை நனையும் அளவு வெயில் அடிக்கும், விடிந்து பார்த்தால் கார்க் கண்ணாடியெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைந்திருக்கும். மே மாதம் பாதி தாண்டும் வரைக்கும் ஒரு செடியையும் வெளியே விட்டுவைக்காதே என்று கீழ் வீட்டுக்காரி விரலை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாள். எனக்கா சொல்கிறாள்? நுவரெலியாப் பனியில் வளர்ந்தவளுக்கு!

என் வீட்டுக்காரர் சவரிமுத்து ஹட்டனில் ஒரு முஸ்லிம் நானாவின் இரும்புக் கடையில் வேலை செய்தவர். இங்கே ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் கோப்பை கழுவுகிறார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அறைக்கும் பால்கனிக்கும் நடப்பதைப் பார்த்து ஒரு நாள் சொன்னார்:

"ஏம்புள்ள, இதுகளுக்கும் ஆபீசுல ஒரு காயிதம் வாங்கிக் குடுத்துடேன். ஆறு மாசம் உள்ள, ஆறு மாசம் வெளிய."

அவர் சொன்ன காயிதம் எங்களுடையது. ஐந்து வருஷமாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதில் முத்திரை குத்துகிறார்கள். அந்த முத்திரையோடு இந்த மாவட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பக்கத்து ஊர் வேறு மாவட்டம். பஸ்ஸில் இருபது நிமிஷம்தான், ஆனால் போகக்கூடாது. நாட்டை விட்டுப் போனாலோ திரும்பி வர முடியாது. விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை, காத்திருங்கள் என்கிறார்கள். அந்த ஆபீஸ் வரிசைக்கு நாங்கள் வீட்டில் வைத்திருக்கும் பெயர் பெரட்டு. தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிட நிற்கிற அதே நிற்பு, அதே குளிர், அதே பயம். முதல் தடவை என் பெயரைக் கூப்பிட்டபோது பதறிப்போய் "ஆமாங்க தொர" என்று வந்துவிட்டது. அந்த அதிகாரி 'தொர' என்ற பெயரைத் தன் பட்டியலில் மேலிருந்து கீழே தேடினார். எங்கள் மகள் ஜெனிக்கு அப்போது ஐந்து வயது. இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

2

உள்ளேயும் வைக்க வேண்டும், வெளியேயும் வைக்க வேண்டும் என்றால் எந்தச் செடியை எடுப்பது? இங்கே கடைக்காரர்கள் எல்லாச் செடியையும் கை காட்டுவார்கள். நம்பாதீர்கள். என்னிடம் கேளுங்கள்.

என் அப்பா தோட்டத்துப் பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்தவர். நுவரெலியாவிலிருந்து உடப்புசல்லாவைக்குப் போகிற பாதையில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே எங்கள் தோட்டம். தை, மாசியில் புல்லெல்லாம் வெள்ளைப் பனி பிடித்து நிற்கும், மிதித்தால் நொறுங்கும். துரைசாணிக்கோ வருஷம் பூராவும் ஹாலில் பூ வேண்டும். அப்பா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஹாலுக்கு ஒரு செடி வேண்டுமென்றால் இரண்டாக வளர்ப்பார். ஒன்று உள்ளே மூன்று வாரம். மற்றது வெளியே மரத்தடியில். உள்ளே இருப்பது இலை வெளுத்து, கழுத்து நீண்டு, ஜன்னல் பக்கம் சாயத் தொடங்கினால் இரண்டையும் மாற்றிவிடுவார்.

"எந்தச் செடியும் ஊட்டுக்குள்ள வாழாது பிலோ," என்பார் என்னிடம். "சமாளிச்சுக்கிட்டு நிக்கும். எது சீக்கிரமா களப்பு தீந்து எந்திரிக்கிதோ அதத்தான் எடுக்கணும்."

அவர் பார்க்கிறது மூன்று விஷயம். இலை தடிப்பாக இருக்க வேண்டும், மெல்லிய இலை புகையிலும் தாங்காது, பனியிலும் தாங்காது. ஒரு நாள் தண்ணீர் மறந்தால் கோபித்துக்கொள்ளக்கூடாது. ஒடித்து நட்டால் பிடிக்க வேண்டும், ஏனென்றால் தாய்ச்செடி போனாலும் பிள்ளை மிஞ்சும். உள்ளே இருந்ததை நேராக வெயிலில் வைத்தால் இலை வெந்துபோகும், அதனால் முதலில் ஒரு வாரம் நிழல். இப்படிப் பார்த்தால் கடைசியில் தேறுவது கொஞ்சம்தான். ஜெரேனியம், கற்றாழை, கற்பூரவல்லி, அடித்தண்டு பருத்த பெகோனியா. கற்பூரவல்லிக்கும் பெகோனியாவுக்கும் வெள்ளைப் பனி ஆகாது, ஆனால் உள்ளே எடுத்தால் முனகாமல் இருக்கும். ரோஜா கூடாது. பன்னம் என்கிற ஃபெர்ன் கூடவே கூடாது. கறிவேப்பிலையை அந்த உயரத்தில் வளர்க்கப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரு குச்சியைத்தான் வளர்த்தார்கள்.

இங்கே வந்து இறங்கிய முதல் கோடையில் தெருவில் அண்ணாந்து பார்த்தேன். வீட்டுக்கு வீடு பால்கனியில் ஜெரேனியம், சிவப்பும் ரோசுமாக. எங்கள் அப்பாவின் செடி! நடுத்தெருவில் நின்று ஓவென்று அழுதேன். சவரிக்கு ஒன்றும் விளங்கவில்லை, யாரோ என்னை அடித்துவிட்டார்கள் என்று நினைத்தார்.

3

எழுபத்து நாலாம் வருஷம் ஜனவரியில், நல்ல பனி நேரத்தில், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி எங்களுக்கு இந்தியப் பாஸ்போட் வந்தது. அப்பா பெயரில் ஒன்று. அதற்குள்ளேயே அம்மா, நான், தங்கச்சி ஸ்டெல்லா. எனக்குப் பதினேழு வயது, அவளுக்குப் பத்து. எங்கள் நாலு பேரில் ஒருவரும் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. கப்பலுக்குத் தேதி வரும், மூன்று மாதத்துக்குள் போய்விடலாம் என்று கணக்கப்பிள்ளை சொன்னார்.

அம்மா அன்றைக்கே மண்வெட்டியை எடுத்தாள். எங்கள் வரிசை வீடுகளின் லயத்துக்கு முன்னால் எங்களுக்கு ஒரு மரக்கறிப் பாத்தி இருந்தது. லீக்ஸ், பீட்ரூட், முட்டைக்கோவா, ஓரத்தில் பூச்செடிகள். மரக்கறியை அள்ளி அடுத்த காம்பராவுக்குக் கொடுத்தாள். பாத்தியையும் அவர்களையே வைத்துக்கொள்ளச் சொன்னாள். பூச்செடிகளை மட்டும் பால்மா டின்னிலும் பிஸ்கட் டின்னிலும் பெயர்த்து வைத்தாள்.

"ஏம்மா, இதெல்லாம் கப்பல்ல ஏத்துவாங்களா?" என்றேன்.

"ஏத்துனா கொண்டு போவோம். ஏத்தலேன்னா மண்டபம் கேம்புல எறங்குற வரைக்குமாவது கையில வச்சிருப்பேன். ஒனக்கென்னா?" என்றாள் அம்மா. "அங்க வெயிலு, இங்க பனி. ரெண்டுக்கும் நிக்கிறது மட்டும் வரட்டும். நிக்காதது இங்கேயே சாவட்டும்."

அப்பா இஸ்தோப்பில், அதாவது காம்பராவுக்கு முன்னால் உள்ள சின்ன விறாந்தையில் உட்கார்ந்து டின்களைப் பார்த்தார். ரோஜாவையும் பன்னத்தையும் வேண்டாமென்று தலையாட்டினார். அம்மா கேட்கவில்லை. எல்லாவற்றையும் வைத்தாள். பகலில் இஸ்தோப்பில், பொழுது சாய்ந்தால் காம்பராவுக்குள். காம்பரா என்றால் ஒரே அறை. அதில்தான் அடுப்பு, அதில்தான் படுக்கை, ஜன்னல் கிடையாது. மிலாறு விறகுப் புகையில் பன்னம் பத்தே நாளில் கருகியது. ரோஜாவைப் பனி முடித்தது. அப்பா தலையாட்டிய இரண்டும் போக மிச்சம் ஐந்து டின். அம்மா அதற்குப் பிறகு அப்பாவிடம் இரண்டு நாள் பேசவில்லை. அவர் சொன்னபடி செடி செத்ததற்கு அவர்மேல் கோபம்!

ஸ்டெல்லாவுக்கு எழுத்து அழகு. டின்னில் ஒட்டியிருந்த கடதாசியைக் கிழித்துவிட்டு ஒவ்வொன்றிலும் செடியின் பெயரை எழுதினாள். பங்களாவில் மிச்சமான பச்சைப் பெயிண்டும் ஒரு ஈர்க்குச்சியும் போதும் அவளுக்கு. எழுதும் முன்னால் பென்சிலால் நாலு கோடு போட்டுக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். ஒவ்வொரு எழுத்தும் உருண்டையாக, கோட்டுக்குள் அடங்கி உட்கார்ந்திருக்கும்.

4

இனி எழுதப்போவதை இதுவரை நான் யாருக்கும் எழுதியதில்லை. சவரிக்குக்கூடப் பாதிதான் தெரியும்.

ஸ்டெல்லா அப்போது எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு முடித்து, ஐந்தாம் வகுப்புப் புத்தகம் வாங்கிய வாரம். இந்தியாவில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க விடுகைப் பத்திரம் கேட்பார்கள் என்று யாரோ லயத்தில் சொன்னார்கள். கப்பல் தேதி திடீரென்று வந்தால் அந்த அவசரத்தில் மாஸ்டரை எங்கே தேடுவது? பாஸ்போட்டோடு சேர்த்துச் சர்டிபிகேட்டும் பெட்டியில் இருந்துவிட்டால் நல்லதுதானே? இந்த யோசனை அம்மாவுடையது இல்லை. என்னுடையது. சிஸ்டர்மாரிடம் பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள் நான். காகித விஷயத்தில் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

நான்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மாஸ்டர் நல்ல மனுஷர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, பேரை இப்பவே வெட்டணுமா? போற அன்னிக்கு வாங்க, நான் அஞ்சு நிமிசத்துல எழுதித் தர்றேன்."

"மூணு மாசத்துல போறோம் மாஸ்டர். தேதி வந்தா நேரம் இருக்காதுங்க."

"தேதி வரட்டுமேம்மா."

"அங்க போய்ச் சேத்துக்கிடலாம் மாஸ்டர். நீங்க குடுத்துடுங்க."

அவர் பதிவுப் புத்தகத்தில் ஸ்டெல்லாவின் பெயருக்கு மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். பத்திரத்தை எழுதித் தந்தார். 'நாலாம் வகுப்பில் தேறி விலகுகிறார்' என்று இருந்தது. புதுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று ஸ்டெல்லா கதவோரம் நின்று கேட்டாள். வைத்துக்கொள் என்றார். அதை மார்போடு அணைத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள். வழியெல்லாம் ஒரே சந்தோஷம் அவளுக்கு. கப்பலில் மீன் தெரியுமா அக்கா, அங்க பள்ளிக்கூடத்துல சட்ட என்னா கலரு அக்கா என்று என்னைப் பிய்த்தெடுத்தாள்.

மூன்று மாதம் போனது. ஆறு மாதம் போனது. ஆபீசுக்குப் போன ஏதோ ஒரு காகிதம் திரும்பி வரவில்லை என்றார்கள். அது பஞ்ச வருஷம். மாவுக்கும் பாணுக்கும் வரிசையில் நின்று எங்கள் கால் வீங்கியது. எங்கள் பழைய பாத்தியில் அடுத்த காம்பராக்காரர்கள் கோவா வெட்டினார்கள். நாங்கள் இஸ்தோப்பில் டின்களுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தோம். அவர்களாகத் தந்தால் வாங்கினோம், கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஜனவரியில் மாஸ்டர் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். ஸ்டெல்லாவைத் திரும்பச் சேர்க்கலாம் என்று அப்பா சொன்னார். அம்மா, இதோ போகத்தானே போகிறோம் என்றாள். நானும் அதையேதான் சொன்னேன். அதற்கடுத்த வருஷம் அவளே வரமாட்டேன் என்றாள். கூடப் படித்தவர்கள் எல்லாம் மேலே போய்விட்டார்கள், சின்னதுகளோடு பெஞ்சில் உட்கார வெட்கம். பதினாலு வயதில் பெயரைப் பதிந்து தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனாள்.

5

அந்த வருஷங்களை எப்படிச் சொல்வது? காம்பராவில் கூரைத் தகரம் ஒழுகும். அடியில் ஒரு வாளியை வைப்போம். போகப்போற வீட்டுக்கு எதற்குத் தகரம்? பொங்கலுக்கும் கிறிஸ்மஸ் நத்தாருக்கும் எல்லாரும் சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள், நாங்கள் அடிக்கமாட்டோம். ஆடு வாங்கமாட்டோம். எனக்கு வந்த மாப்பிள்ளைகளை, அங்கே போய்ப் பார்ப்போம் என்று திருப்பி அனுப்பினார்கள். ஒன்றே ஒன்று மட்டும் தவறாமல் நடந்தது. காலையில் ஐந்து டின்னும் வெளியே, பின்னேரம் ஐந்து டின்னும் உள்ளே. ஒரு முறை அப்பா சொன்னார்: "பாவம், தரையில வச்சிடுடி. வேரு டின்ன சுத்திச் சுத்தி நெருக்குது." அம்மா கேட்டாளா? "வச்சா பிடுங்கணும், பிடுங்குனா செத்துரும்" என்றாள். வேரை நறுக்கி, மண்ணை மாற்றி, திரும்பவும் அதே டின்னில் வைத்தாள்.

எழுபத்தெட்டில் சவரியின் வீட்டார் பெண் கேட்டு வந்தபோது நான் பிடிவாதம் பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் ஊரிலேயே பிரஜாவுரிமை உள்ள குடும்பம். கல்யாணத்தோடு என் காகிதமும் அப்பா அம்மாவுடையதிலிருந்து பிரிந்தது. ஹட்டனுக்குப் போனேன், அடுத்த வருஷம் ஜெனி பிறந்தாள். அதே வருஷம் அப்பா நெஞ்சு வலியில் போய்விட்டார். பாஸ்போட் அவர் பெயரில் இருந்ததால் எல்லாக் காகிதமும் முதலிலிருந்து. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு எங்களுக்கு ஹட்டனில் இருக்கப் பயமாகிவிட்டது. சவரி வேலை பார்த்த கடைக்கார நானாதான் வழி காட்டி அனுப்பிவைத்தார். நாங்கள் புறப்பட்டு வந்த பிறகு கப்பலும் நின்றுபோனது.

அம்மாவும் ஸ்டெல்லாவும் இன்றும் அதே காம்பராவில்தான் இருக்கிறார்கள். பாஸ்போட் காலாவதியாகிவிட்டது. ஆனாலும் பெட்டியில் பத்திரமாக இருக்கிறதாம். அதோடு அந்தச் சர்டிபிகேட்டும் இருக்கும். ஐந்து டின்னும் இருக்கின்றனவாம். முதலில் வைத்த டின்கள் துருப்பிடித்து விழுந்து, அதற்குப் பதில் வேறு டின்கள். செடி அதே செடிதான், ஒடித்து ஒடித்து வைத்தது.

6

போன மாதம் ஜெனியின் பையில் ஒரு படிவம் வந்தது. அவள் நாலாம் வகுப்பு. இந்த நாட்டில் நாலாம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு ஒன்பது வருஷப் பெரிய பள்ளிக்கூடம். மற்றவர்களுக்கு ஐந்து வருஷப் பள்ளிக்கூடம், அது எங்கள் தெருமுனையில் இருக்கிறது. ஜெனியைப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம் என்று அவள் டீச்சர் எழுதியிருந்தார். பெற்றோர் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். தராவிட்டால் தெருமுனைப் பள்ளிக்கூடம்தான்.

நான் அதை எடுத்துக் கதவுக்குப் பின்னால் நிற்கிற சூட்கேசின்மேல் வைத்தேன். அந்தச் சூட்கேசைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். வந்த நாளிலிருந்து அதில் மூன்று பேருக்கும் இரண்டு இரண்டு உடுப்பு, பிறப்புச் சான்று, ஒரு கம்பளி. திருப்பி அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்கள், ஊர் சரியாகிவிட்டால் நாமே போய்விடுவோம், எதற்கும் தயாராக இருக்கட்டும் என்று வைத்தது. வீட்டில் அலுமாரி இல்லை, உடுப்பெல்லாம் கடதாசிப் பெட்டியில். சுவரில் ஆணி அடித்ததில்லை.

"ஒம்பது வருசமாம்," என்றேன் சவரியிடம். "ஆறு மாசக் காயிதத்த வச்சுக்கிட்டு ஒம்பது வருசப் பள்ளிக்கூடமா? நடுவுல நிப்பாட்டினா புள்ளதான் ஏங்கிப்போகும். தெருமுனையில இருக்கிறதே போதுங்க. போற எடத்துல பாத்துக்கிடலாம்."

சவரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "போற எடம் எதுன்னு சொல்லு புள்ள," என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் வாளிகளை உள்ளே எடுக்கப் போய்விட்டேன்.

ஜெனி அழவில்லை, கத்தவில்லை. அதுதான் பெரிய கஷ்டம். முன்பெல்லாம் எதற்கும் என்னிடம் தமிழில் சண்டை போடுவாள். இப்போது வாக்குவாதம் முற்றினால் ஜெர்மனுக்கு மாறிவிடுவாள், நான் பாதியில் நின்றுவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அதுவும் இல்லை. தமிழில்தான் சொன்னாள்:

"அம்மா, நீங்க எப்ப பாத்தாலும் போறோம் போறோம்னு சொல்றீங்க. நாம போறதே இல்லையே."

வியாழக்கிழமை ஸ்டெல்லாவின் கடிதம் வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒன்று வரும், நீல நிற ஏரோகிராம். ஜெனிதான் கீழே தபால் பெட்டியிலிருந்து எடுத்து, படியேறும்போதே பிரித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், நான்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்தேன். இதுவரை சின்னம்மாவின் கடிதத்தை நானே வாசித்துக் காட்டுவேன், அவள் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. அன்றைக்குக் குசினி மேசையில் விரித்து வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"இது யாரு எழுதினதும்மா? சின்னப் புள்ளையா?"

"சின்னம்மா எழுதினது."

"இல்லம்மா. சின்னம்மா பெரியவங்க. இது என்னைய மாதிரி ஒரு புள்ள எழுதினது. பாருங்க, கோடு போட்டிருக்கு."

நான் எட்டிப் பார்த்தேன். ஐந்து வருஷமாக வருகிற கடிதம்தான், எனக்கு அது ஸ்டெல்லாவின் எழுத்து, அவ்வளவுதான். அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏரோகிராம் முழுக்கப் பென்சிலால் நாலு நாலு கோடு. அந்தக் கோட்டுக்குள் உருண்டை உருண்டையாக எழுத்து, ஒன்றுகூட வெளியே வரவில்லை. என் தங்கச்சிக்கு இருபத்தைந்து வயது. கொழுந்தெடுத்துக் கை காப்புக் காய்த்தவள். அந்தக் கையெழுத்துக்குப் பத்து வயது. டின்னில் கற்பூரவல்லி என்று எழுதிய அதே எழுத்து.

ஜெனி விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, கடைசி வரியை வாசித்தாள். ஒவ்வொரு கடிதத்திலும் இருக்கிற வரிதான், நான் ஒரு முறையும் பதில் எழுதாத வரி.

"ஜெ-னி எத்-த-னை-யாம் வ-கு-ப்பு அக்-கா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவுகிற தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெனி," என்றேன். "அந்த சூட்கேசு மேல இருக்கிற காயிதத்த எடுத்துட்டு வா. பேனாவையும் எடுத்துட்டு வா."

7

அன்றைக்குப் பின்னேரம் சட்டிகளை உள்ளே எடுக்க மறந்துவிட்டேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. வெள்ளிக்கிழமை விடிய ஜெனி படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிறகுதான் பால்கனிக் கதவைத் திறந்தேன். நல்ல பனி பெய்திருந்தது. பெகோனியா வெந்த கீரை போலக் கிடந்தது. கற்பூரவல்லி கறுத்துவிட்டது. ஜெரேனியத்துக்கு மேல் இலை மட்டும் போயிருந்தது. நகத்தால் தண்டைக் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை. கற்றாழை ஒன்று தப்பியது. செத்ததை எடுத்துக் குப்பையில் போட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

நான் ஒன்றும் மாறிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். சூட்கேசு அங்கேதான் நிற்கிறது. அடுத்த மாதம் திரும்பவும் பெரட்டு, திரும்பவும் ஆறு மாதம். பக்கத்து ஊருக்கு இன்னும் போக முடியாது. அம்மாவை இனிப் பார்ப்பேனா என்பது எனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அவள் இந்த நேரத்துக்கு டின்களை உள்ளே எடுத்துக்கொண்டிருப்பாள். மிச்சம் இருக்கிற என் சட்டிகளையும் நான் மே பாதி வரைக்கும் எடுத்து எடுத்துத்தான் வைக்க வேண்டும். ஜெரேனியத்தை இந்த ஊர்த் தரையில் நட்டால் முதல் குளிரிலேயே போய்விடும், அதற்குச் சட்டிதான் சரி. அது செடி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஸ்டெல்லாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். அந்தச் சர்டிபிகேட்டை வாங்கி வந்தது நான், மாஸ்டர் வேண்டாம் என்றார், நான்தான் கேட்கவில்லை என்று. எப்படித் தொடங்குவது? பதினைந்து வருஷம் கழித்து எந்த வார்த்தையைப் போடுவது? ஜெனி பக்கத்தில் வந்து நின்று, அவளாகவே ஒரு பென்சிலும் அடிமட்டமும் எடுத்து, என் ஏரோகிராமில் நாலு கோடு போட்டாள். சின்னம்மாவுக்குப் பிடிக்கும் என்றாள்.

'அன்புள்ள ஸ்டெல்லா' என்று எழுதினேன். நலம் விசாரிக்கவில்லை. நீ கேட்டிருந்தாய் என்று எழுதினேன். ஜெனி ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாள் என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு வரியும் எனக்கு எழுத வரவில்லை. அப்படியே ஒட்டி அனுப்பிவிட்டேன்.